பூந்தொட்டியில் கட்டிய மழை

என் அக்காள் புருஷன் தம்புசாமிக்கும் வானத்துக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை உண்டு என்று மலாக்காத் தமிழர்களில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் என்னிடம் கூடாரம் வாடகைக்கு எடுத்தார்கள். ஆகவே அவரைப் பற்றிச் சொல்லும்போது என் பேச்சில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருந்தால் நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மலாக்கா நகரத்தை ஒட்டிய பாச்சாங்கில் 'சேகரன் கூடாரம், நாற்காலி வாடகை' என்று பலகை மாட்டி நான் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வரிசை வீட்டில் இருந்துகொண்டு, "கூடாரம் என்னாத்துக்கு லா, மழைய நான் கட்டிக் குடுக்குறேன்" என்று ஒரு மனுஷன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தால் எப்படி இருக்கும்? அதுவும் சொந்த மச்சான்.

மழையைக் கட்டுவது என்றால், விசேஷம் முடிகிறவரை அந்த இடத்தில் மழை விழாமல் தடுத்து வைப்பது. அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. தென்னை ஈர்க்குச்சி ஒன்றில் சிவப்பு மிளகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சம்பழம் மூன்றையும் குத்தி மண்ணில் நடுவார். கற்பூரம் காட்டுவார். பிறகு வானத்தைப் பார்த்து முணுமுணுப்பார். மிளகாயும் வெங்காயமும் பக்கத்துக் கம்போங் என்ற மலாய்க் கிராமத்தில் இருந்த பெரியவர் ஒருவரைப் பார்த்து எடுத்துக்கொண்டவை. எலுமிச்சையும் கற்பூரமும் நம் பங்கு. முணுமுணுப்பு யாருடைய பங்கு என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை நான் கிட்டே போய்க் காதைக் கொடுத்துக் கேட்டேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில், ஆள் கணக்கு எழுதும் கிராணியைத் திட்டிய அதே வார்த்தைகள்தான்.

விசேஷம் முடிந்ததும் குச்சியைப் பிடுங்கி ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். அதற்கு அவிழ்ப்பது என்று பெயர். அவிழ்க்காமல் விட்டால் கட்டிய மழை கட்டியபடியே கிடக்கும் என்பது அவரே போட்ட சட்டம். சட்டம் போட்டபோது அது தன் கழுத்துக்கே வரும் என்று மச்சானுக்குத் தெரியாது.

அவர் பிறந்தது ஆலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். காலையில் மழை பெய்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது, வேலை இல்லை, கூலியும் இல்லை. அதனால் தோட்டத்து ஜனங்கள் கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன் வானத்தைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கவலைப்படுவார்கள். தம்புசாமி பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். இன்றைக்கு மழை என்று அவர் படுத்தால் அது மழைதான். இந்த ஒரு சோம்பேறித்தனத்தில் அவருக்கு இருந்த தேர்ச்சி தோட்டத்தில் வேறு எவருக்கும் இல்லை.

பேர் வந்தது ஒரு மாரியம்மன் திருவிழாவில். தேர் புறப்படும் நேரம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மச்சான் நல்ல கள் மயக்கத்தில் இருந்தார். விளக்குமாறு ஒன்றைத் தலைகீழாக மண்ணில் குத்தி, வானத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். காற்று திரும்பியது. மழை அடுத்த தோட்டத்துக்குப் போய், அங்கே நடந்துகொண்டிருந்த கல்யாணத்தை நனைத்து நாசமாக்கியது. மறுநாள் அந்தத் தோட்டத்துக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். சண்டைக்கே வந்துவிட்டார்கள் என்றால் விஷயம் உண்மையாகத்தானே இருக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்தார்கள்.

பிற்பாடு தோட்டத்தை விட்டு வந்து பாச்சாங்கில் ஒரு கிடங்குக்குக் காவல்காரராகச் சேர்ந்தபோதும் அந்தப் பேர் அவரோடு வந்தது. கல்யாணம், காது குத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்கள். காசு வாங்கமாட்டார். ஒரு வேட்டி, முதல் பந்தியில் ஓர் இடம், யாருக்கும் தெரியாமல் கறுப்பு பீர் ஒரு போத்தல், அவ்வளவுதான். ஆனால் நிபந்தனைகள் உண்டு. விசேஷம் காலையில் இருக்க வேண்டும். தை, மாசி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வார். ஐப்பசி, கார்த்திகை என்றால் "சாமி உத்தரவு இல்ல" என்பார். மலாக்காவில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வருகிறது, வருஷக் கடைசியில் அதிகம் வருகிறது, தையிலும் மாசியிலும் குறைகிறது என்பதைக் கவனித்திருந்தால் அந்தச் சாமி யாரென்று யாருக்கும் புரிந்திருக்கும். கூடாரக்காரன் நான் கவனித்தேன். சொன்னேன். பொறாமை என்றார்கள்.

அவருக்கு ஒரே மகள், உஷாராணி. ஆயர் குரோவில் மின்சாமான் தொழிற்சாலையில் வேலை. வாயைத் திறந்தால் நியாயம் மட்டும்தான் பேசும், அந்த விஷயத்தில் யார் வயிற்றில் பிறந்ததோ தெரியவில்லை. அவளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை ஹரிதாஸ், பத்து பெரண்டாம் என்ற ஊரின் விமான நிலையத்தில் வானிலை பார்க்கும் அலுவலகத்தில் வெயிலையும் மழையையும் அளந்து எழுதும் வேலை. அவன் அப்பா காளிமுத்து, பாயா ரும்புட்டில் பூச்செடியும் பழக்கன்றும் விற்கும் நர்சரி வைத்திருந்தார். பையனும் பெண்ணும் பார்த்துக்கொண்டார்கள், பிடித்துவிட்டது. அந்த வீட்டில் ஒரு வேடிக்கை. மகன் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தும், காளிமுத்து மழையைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். "இவன் குடை எடுத்துட்டுப் போற அன்னிக்கு வெயில் கொளுத்தும் லா" என்பார்.

அப்படிப்பட்டவர் நிச்சயதார்த்தத்தைத் தன் நர்சரியிலேயே, செடிகளுக்கு நடுவில், திறந்த வெளியில், கார்த்திகை மாதத்தில், சாயந்திரத்தில் வைத்தார்.

"கூடாரம் போட்டுடலாம் சம்பந்தி, எம் மாப்ள சேகரன்கிட்ட இருக்கு" என்றார் மச்சான். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு வியாபாரம் பிடித்துக் கொடுத்தார்.

"கூடாரமா? மழைய கட்டுற ஆளு வீட்ல பொண்ணு எடுத்துட்டு நான் கூடாரம் போட்டா ஊரு சிரிக்காது?" என்றார் காளிமுத்து.

மச்சானுக்கு முகம் வெளிறிவிட்டது. கார்த்திகை, சாயந்திரம். அவருடைய சாமி ஒருபோதும் உத்தரவு கொடுக்காத வேளை. ஆனால் மகள் போகப்போகிற வீட்டில் முடியாது என்று சொல்வது எப்படி? நிச்சயதார்த்தத்தன்று பூந்தொட்டிகளுக்குப் பின்னால் போய், ஒரு தொட்டியில் குச்சியை நட்டுக் கற்பூரம் காட்டிவிட்டு வந்தார். என்னுடைய கூடாரங்களை லாரியில் ஏற்றி நர்சரிக்குப் பின்னால் நிறுத்த அவர் சொல்லியிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு சொட்டு விழவில்லை. தாம்பூலம் மாற்றும்போது வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. எல்லாரையும்விட ஆச்சரியப்பட்டவர் மச்சான்தான். அந்த ஆச்சரியத்தில் கறுப்பு பீர் வழக்கமான அளவைத் தாண்டியது. நானும் இன்னொருவரும் கைத்தாங்கலாக அவரை வண்டியில் ஏற்றினோம். குச்சி தொட்டியிலேயே நின்றது. அதை அவர் அவிழ்க்கவில்லை.

அதற்குப் பிறகு மழை வரவில்லை.

மார்கழி காய்ந்தது, தை காய்ந்தது. அதெல்லாம் பரவாயில்லை என்று பார்த்தால், பங்குனியும் சித்திரையும் காய்ந்தன. அதுதான் தொண்ணூற்றோராம் வருஷம். ஊருக்குத் தண்ணீர் தரும் துரியான் துங்கால் அணை வற்றி, அடியில் மண் வெடித்துக் கிடக்கும் படத்தைப் பேப்பரில் போட்டார்கள். குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரி வரும் சத்தம் கேட்டால் பாச்சாங்கில் தமிழன், சீனன், மலாய்க்காரன் எல்லாரும் வாளியோடு ஓடினோம். என் அக்கா சுப்பம்மா, வாளியை வரிசையில் வைத்துவிட்டு, அந்த வாளி தன்னுடையதுதான் என்று காட்ட அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள்.

தொடக்கத்தில் மச்சானுக்கு இது பெருமையாகத்தான் இருந்தது. வரிசையில் யாராவது, "என்னாண்ணே, இன்னும் அவுக்கலியா?" என்று கிண்டலாகக் கேட்டால், மறுக்காமல் மீசையைத் தடவுவார். "ஒரு தடவ சொன்னா அது கேட்டுக்கும்" என்பார். மாதங்கள் போகப்போகக் கிண்டல் மாறியது. குளிக்காத ஜனத்துக்குக் கிண்டல் வராது. மூன்றாவது வரிசை வீட்டு இருசம்மாள் ஒருநாள் அவர் வாளியைக் காலால் உதைத்தாள். "ஊரையே காய வச்சிட்டு மொத ஆளா தண்ணி புடிக்க வந்துட்டான்" என்றாள். அன்றிலிருந்து அவர் தண்ணீருக்குப் போவதில்லை. உஷாராணிதான் வேலை முடிந்து வந்து வரிசையில் நின்று, அப்பாவுக்கு வரவேண்டிய ஏச்சையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

உண்மையான அடி பாயா ரும்புட்டிலிருந்து வந்தது. நர்சரியில் செடிகள் கருகிக்கொண்டிருந்தன. காளிமுத்து ஒருநாள் தன் லாரியை ஓட்டிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரவில்லை.

"சம்பந்தி, அந்தக் குச்சிய அவுத்தீங்களா இல்லியா?"

மச்சான் தரையைப் பார்த்தார். அக்கா மச்சானைப் பார்த்தாள்.

"எந்தத் தொட்டில நட்டீங்க?"

"ரோஸ் கலர்ல காகிதப்பூ செடி இருந்துச்சே, பெரிய தொட்டி..."

காளிமுத்து மெதுவாக உட்கார்ந்தார். "அத நான் வித்துட்டேனே."

ஆக, மலாக்கா மாநிலத்தின் மழை ஒரு பூந்தொட்டியில் கட்டப்பட்டு, மழைக்காக ஏங்குகிறவரின் கையாலேயே விற்கப்பட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. காளிமுத்து என் பக்கம் திரும்பிய பார்வையில் அது அடங்கியது.

"எஞ்செடியெல்லாம் செத்துக்கிட்டு இருக்கு. மழை வரட்டும், அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும் பத்திரிகை அடிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். கல்யாணம் ஆவணியில் என்று நாள் குறித்தாகிவிட்டது. ஆவணிக்குள் மழை வராவிட்டால் கல்யாணம் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அவர் போனதும் உஷாராணி அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, நீங்க மழைய கட்டலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

"எப்படிம்மா சொல்றது? இத்தன வருஷம்..."

"அப்ப நெசமாவே கட்டுனீங்களா?"

ஆமாம் என்றால் ஊரைக் கெடுத்தவன். இல்லை என்றால் இத்தனை வருஷம் வேட்டி வாங்கிய ஏமாற்றுக்காரன். மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய், முதல் முறையாகப் பாவமாக இருந்தது.

காளிமுத்துவுக்கு வாடிக்கையாளரின் முகம் நினைவிருக்காது, செடி போன இடம் நினைவிருக்கும். "உம்பாய்க்குப் போச்சு. மீன் கடைக்கு" என்று இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்தார். ஆடியில் ஒரு சாயந்திரம் அவருடைய லாரியில் அவரும் மச்சானும் நானும் கடற்கரைப் பக்கம் உம்பாய்க்குப் போனோம். ஹரிதாஸ் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்துகொண்டான்.

கடை ஜூலியஸ் என்ற தமிழருடையது. மேஜைகளைத் திறந்த வெளியில் போட்டு, கரியில் மீன் சுட்டு விற்கும் கடை. வாசலில் அந்தத் தொட்டி. நாங்கள் நான்கு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். மலாக்காவில் புல்கூடப் பழுத்துக்கிடந்த நேரத்தில், அந்தக் காகிதப்பூச் செடி இலையே தெரியாமல் பூத்துக் குலுங்கியது. நடுவில் ஈர்க்குச்சி, அதன் உச்சியில் காய்ந்து கறுத்த மிளகாய். ஜூலியஸின் மனைவி செலின் ஒரு கிளையை நூலால் அந்தக் குச்சியோடு கட்டிவைத்திருந்தாள்.

"பாத்தீங்களா? எல்லாச் செடியும் சாவுது, இது மட்டும் எப்படிப் பூக்குது பாத்தீங்களா?" என்றார் காளிமுத்து.

"காகிதப்பூ காஞ்சாத்தான் பூக்கும்னு நீங்கதானப்பா எல்லாருக்கும் சொல்லி விக்கிறீங்க" என்றான் ஹரிதாஸ்.

"நீ சும்மா இரு."

விஷயத்தைச் சொன்னதும் ஜூலியஸ் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "அங்கிள், நாங்க மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க. இதெல்லாம் நாங்க நம்பமாட்டோம்" என்றார்.

"நல்லதாப் போச்சு, அப்ப குச்சிய எடுத்துக்குறோம்" என்றார் காளிமுத்து.

"எடுக்காதீங்க."

"நம்பமாட்டேன்னு சொன்னீங்களே?"

"நம்பமாட்டேன் லா. ஆனா எடுக்காதீங்க. மழ இல்லாம இந்த வருஷந்தான் டெய்லி மேஜ ரொம்புது. போன வருஷம் பாதி நாளு மேஜய தூக்கிட்டு உள்ள ஓடுனோம். இன்னும் ஒரு மாசம் கட்டி வைங்க அங்கிள், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

காளிமுத்து செடியைக் காட்டிக் கத்தினார், ஜூலியஸ் மேஜையைக் காட்டிக் கத்தினார். ஒருவருக்கு மழை இல்லாமல் பிழைப்புப் போகிறது, இன்னொருவருக்கு மழை இல்லாமல்தான் பிழைப்பு நடக்கிறது. சாப்பிட வந்தவர்கள் மீனை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் செலின் உள்ளேயிருந்து வந்தாள். "பாத்திரம் கழுவ தண்ணி இல்லாம நான் கடல் தண்ணிய தூக்குறேன், இந்த மனுசனுக்கு மேஜ ரொம்புதாம்" என்று நூலை அவிழ்த்து, குச்சியைப் பிடுங்கி மச்சான் கையில் கொடுத்தாள்.

மச்சான் கடலை நோக்கி நடந்தார். பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் பாதிக் கடை. அலையில் குச்சியை விட்டார். எல்லாரும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தோம். கடையில் மீன் கருகும் வாசனை வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"எப்ப வரும்?" என்றார் காளிமுத்து.

"கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தோம். மேஜையில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டுக்கொண்டே பொறுத்தோம். சூரியன் இறங்கியது, ஒரு மேகம்கூட இல்லை. காளிமுத்து கையைத் துடைத்துக்கொண்டார். "சரி சம்பந்தி. நான் சொன்னது சொன்னதுதான். எம் மனசுக்கு ஒப்பல. கட்டத் தெரிஞ்சவருக்கு அவுக்கத் தெரியலன்னா, அந்த வீட்டுப் பொண்ண நான் எப்படி எடுக்குறது?"

ஹரிதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மச்சான் எழுந்து நின்றுவிட்டார்.

"சம்பந்தி, நான் எந்தக் காலத்துலயும் மழைய கட்டுனதில்ல."

"தப்பிக்கப் பாக்காதீங்க."

"கேளுங்க. காலையில மட்டுந்தான் நான் ஏன் கட்டுவேன்? இங்க மழ வர்றது மத்தியானத்துக்கு மேல. தை மாசத்துல ஏன் கட்டுவேன்? அப்பத்தான் மழ கொறச்சல். அவ்ளோதான் என் மந்திரம். முன்னெல்லாம் மழைக்கு ஒரு ஒழுங்கு இருந்துச்சு. அத வச்சு நான் பொழச்சேன். இப்ப அதுக்கு நேரமுங் காலமும் இல்ல, நானும் மாட்டிக்கிட்டேன். உங்க வீட்ல நட்டப்ப உள்ளுக்குள்ள நடுங்கிக்கிட்டுத்தான் நட்டேன். எம் மாப்ளயக் கேளுங்க, கூடாரத்தப் பின்னால கொண்டாந்து வச்சிருந்தான்."

நான் தலையாட்டினேன். காளிமுத்து நம்பவில்லை. கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது என்றார். எங்கள் வழக்கில் இதற்கு ஒரே வழிதான் உண்டு. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது. மச்சான் ஜூலியஸ் பக்கம் திரும்பிச் சூடம் கேட்டார்.

"எங்கிட்ட ஏது அங்கிள் சூடம்? மெழுகுவத்தி இருக்கு, மாதாவுக்கு ஏத்துறது."

அதைக் கொண்டுவந்து மேஜையில் ஏற்றி வைத்தார். மச்சான் வேட்டியை இறுக்கிக்கொண்டு, "எம்பொண்ணு மேல சத்தியமா நான் மழைய கட்டல, எனக்குக் கட்டவும் தெரியாது" என்று சொல்லி ஓங்கி அடித்தார். சூடம் என்றால் சட்டென்று அணைந்துவிடும். மெழுகு உருகிக் கை முழுக்க அப்பிக்கொண்டது. அந்த மனுஷன் போட்ட சத்தம் கடலில் இருந்த படகுவரை கேட்டிருக்கும். செலின் ஓடிப்போய், கடையில் மிச்சமிருந்த ஒரே போத்தல் தண்ணீரை அவர் கையில் ஊற்றினாள்.

அந்தச் சத்தத்தில்தான் காளிமுத்துவுக்கு நம்பிக்கை வந்தது. பெற்ற பெண்மேல் யாரும் பொய்ச் சத்தியம் செய்யமாட்டார்கள். அவர் முகம் குழம்பிப்போனது. கோபப்பட ஆள் இல்லாமல் போனால் மனிதனுக்கு வரும் குழப்பம் அது.

"அப்ப யாரு கட்டுனது?" என்றார்.

ஹரிதாஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஒரு வருஷத்து வெயில வச்சு ஒண்ணும் அடிச்சுச் சொல்ல முடியாதுப்பா. ஆனா பூமி சூடாயிக்கிட்டு வருதுன்னு பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரங்க எல்லாம் சொல்றாங்க. ஃபேக்டரி புகை, வண்டிப் புகை, காட்ட வெட்டி எரிக்கிறது, எல்லாம் சேந்து மேல போயி சூட்ட வெளிய விடாம புடிச்சு வச்சுக்குது. சூடு ஏற ஏற, காயிற நேரத்துல இன்னும் காயும். கொட்டுற நேரத்துல இன்னும் கொட்டும்."

"எந்த வண்டிப் புகை?"

"எல்லா வண்டியும்தான். என் மோட்டார் சைக்கிள், மாமாவோட கூடார லாரி."

"என் லாரியுமா?"

"உங்க லாரி கொஞ்சம் அதிகமாவே புகை விடும்பா."

காளிமுத்து திரும்பித் தன் லாரியைப் பார்த்தார். வானத்தில் இருக்கிற தப்பு தன் வீட்டு வாசலில் நிற்கிறது என்று யாராவது சொன்னால் நம்புவது கஷ்டம். ஆனால் அந்த லாரி புகை விடுவதை அவர் தினமும் பின்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"இவன் சொல்ற வானிலை ஒருநாளும் பலிச்சதில்ல" என்று முனகினார். பிறகு, "ஆனா எம்மேலயும் பழி இருக்குன்னு ஆயிட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு லா கல்யாணத்த நிறுத்துறது?" என்றார். மச்சானின் வெந்த கையைத் தவறிப்போய்ப் பிடித்துக் குலுக்கினார். இன்னொரு சத்தம் கிளம்பியது. பத்திரிகை அடிக்கச் சொல்லி அன்றைக்கே முடிவானது.

பாச்சாங்கில் மட்டும் யாரும் சத்தியத்தை ஏற்கவில்லை. சூடம் வேறு, மெழுகுவத்தி வேறு, அந்தச் சத்தியம் செல்லாது என்றாள் இருசம்மாள்.

ஆவணியில், கோயில் பக்கத்துத் திடலில், காலை முகூர்த்தத்தில் கல்யாணம். கூடாரம் என்னுடையது. காய்ந்த வருஷமாயிற்றே என்று கயிற்றைச் சுமாராகத்தான் இழுத்துக் கட்டச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும்போது வடக்கே இருட்டியது. தாலி ஏறுவதற்கும் முதல் இடி விழுவதற்கும் சரியாக இருந்தது. கெட்டிமேளம் யார் காதிலும் விழவில்லை.

நான் எத்தனையோ மழை பார்த்திருக்கிறேன், அது என் தொழில். அந்தக் காலை வந்தது மழை இல்லை, வானம் மொத்தமாக அறுந்து விழுந்தது. காற்று என் கூடாரங்களில் ஒன்றைத் தூக்கிக் கால்வாய்க்கு அப்பால் போட்டது. காய்ந்து கல்லாகிக் கிடந்த மண் ஒரு சொட்டையும் உறிஞ்சவில்லை. முழங்கால்வரை தண்ணீர் ஏறியது. செருப்புகள் கூட்டமாக மிதந்து பெரிய சாலைப் பக்கம் போயின. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தார். சோற்று அண்டாவுக்குள் மழை இறங்கி, சாம்பார் ரசமானது. பிறகு தெரிந்தது, அவ்வளவு மழையும் ஊருக்குள்தான். அணை இருக்கும் பக்கம் தரைகூட நனையவில்லை. தண்ணீர் லாரி மறுநாளும் வந்தது.

நனைந்த கும்பல் முழுக்க மச்சானைப் பார்த்துத்தான் கத்தியது. "அண்ணே, கட்டுங்கண்ணே! ஏதாச்சும் பண்ணுங்க!" இருசம்மாள், "அவுத்தது போதும்யா, நிறுத்து!" என்று கும்பிட்டாள். கடைசியில் காளிமுத்துவும், நடந்ததெல்லாம் மறந்து, "சம்பந்தி, ஒரே ஒரு தடவ!" என்றார். சொன்ன பிறகுதான் நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மச்சான் எழுந்திருக்கவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் நின்ற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கிழிந்த கூடாரத் துணியில் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இருவர் தலைக்கும் அது போதவில்லை.

"மாப்ளே" என்றார். "அன்னிக்குச் சத்தியம் பண்ணேன்ல, நான் கட்டலன்னு."

"ஆமா மச்சான். பொண்ணு கல்யாணம் நடந்துச்சே, அது போதும்."

"நெசமாவே நான் கட்டியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும். நான் ஒருத்தன் கட்டுனதுன்னா, ஏச்சு வாங்கிக்கிட்டு நானே போயி அவுத்துட்டு வந்திருப்பேன். இப்ப யாரப் போயி அவுக்கச் சொல்றது?"

உஷாராணியும் ஹரிதாஸும் மாலையோடு, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு எங்களை நோக்கி ஆசீர்வாதம் வாங்க வந்துகொண்டிருந்தார்கள்.